சீட்டில் எழுதிய வழி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நலம். நீ, அத்தான், குட்டி மூவரும் சௌக்கியமா?

வேலை போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். “போனில் சொல்லியிருக்கலாமே” என்பாய். போனில் நான் கத்துகிறேன், உன் கண்ணாடிக் கடை முதலாளி திரும்பிப் பார்க்கிறார் என்று போன தடவை நீதான் குறைபட்டாய். அதனால் வழக்கம்போலக் காகிதம்.

எங்கள் கம்பெனி, பல ஊர்ப் பரிசோதனைக்கூடங்களின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கைகளைக் கணினியில் வைத்துக் காப்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு கோப்புறை. ஒருவர் இன்னொருவர் கோப்புறைக்குள் நுழையாதபடி ஒரு கட்டுப்பாட்டை நான் எழுதி வைத்திருந்தேன். எங்கள் மேலாளர் அதை எடுக்கச் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. பேச்சு அவ்வளவு மெத்தென்று இருக்கும். “ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு இடைஞ்சலா இருக்கு தம்பி, இப்போதைக்கு எடுத்துடு” என்றார். எடுத்தேன். ஒரு லாரி ஓட்டுநரின் அறிக்கை வேறொரு கூடத்தின் வழியாக வெளியே போய், அவருடைய முதலாளி கையில் விழுந்தது. அவருக்கு வேலை போயிற்று.

விசாரணையில் பஞ்சு என் தோளில் கை போட்டுக்கொண்டு, “நல்ல பையன் சார். வேலை அதிகம், கவனிக்காம விட்டுட்டான்” என்றான். இனி அவனுக்கு ‘ர்’ போட மாட்டேன். வெளியே வந்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்தான். நான் அதைக் குடித்தேன், அக்கா. அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அவனை விடமாட்டேன்.

உன் தம்பி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. கோபத்தைத் தின்று வயிறு நிறையாது.

அத்தானிடம் படித்துக் காட்டினேன். “தோளில கை போட்டானா? அப்பவே சட்டையைக் கழட்டி அவன் கையிலயே குடுத்துட்டு வந்திருக்கணும்” என்றார். இவர் தைரியமெல்லாம் அடுத்தவர் சண்டைக்குத்தான். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் நிற்பார்.

போன வாரம் ஒரு வேலையாக எங்கள் ஊர்ப் பரிசோதனைக்கூடம் பக்கம் போனேன். வாசலில் உன் கம்பெனிப் பெயர் போட்ட பலகை தொங்கியது. உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. அப்போது வேலை போன செய்தி தெரியாது, பெருமையாக நின்று பார்த்தேன்.

அந்தக் கட்டுப்பாடு என்னவென்று எனக்குப் புரியும்படி எழுது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவள் நான், கணினி என்றால் எனக்கே பார்வை மங்கல்.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதற்காகவே இன்று நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

இப்படி வைத்துக்கொள். பெரிய கட்டடம், நூறு அறை. ஒவ்வோர் அறையும் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு. கட்டடத்தில் ஒரே ஒரு பணியாள். சொன்னதைச் செய்வான், ஏன் என்று கேட்க மாட்டான். எல்லா அறைக்கும் அவனிடம் சாவி உண்டு. நீ உன் அறைப் பொருளைக் கேட்டு ஒரு சீட்டில் வழி எழுதிக் கொடுக்கிறாய்: ‘இடது அலமாரி, மேல்தட்டு, நீலப் பெட்டி.’ போய் எடுத்து வருவான். ஒருத்தன் குசும்பாக, ‘அறையை விட்டு வெளியே போ, எதிர் அறைக்குள் நுழை, அங்கே இருக்கும் பெட்டி’ என்று எழுதினால்? அதையும் எடுத்து வருவான். அவன் நடக்கிறவன், அவ்வளவுதான்.

சீட்டைப் படித்து, ‘வெளியே போ’ என்று இருந்தால் கிழித்துப் போடலாமே என்பாய். ஓட்டுநர் விவகாரத்துக்குப் பிறகு பஞ்சு அதைத்தான் செய்து வைத்திருக்கிறான். அது போதாது. அறைக்குள்ளேயே ஒரு கைகாட்டிப் பலகை வைக்கலாம். சீட்டில் ‘மேல்தட்டு’ என்றுதான் இருக்கும். மேல்தட்டில் பெட்டிக்குப் பதிலாக ‘எதிர் அறைக்குப் போ’ என்று ஒரு கைகாட்டி நிற்கும். சீட்டு சுத்தம், பணியாள் எதிர் அறையில். நீ சோதித்து முடித்த பிறகு, அவன் நடந்து போகும் நேரத்தில்கூட யாராவது அந்தப் பலகையை நட்டுவிடலாம்.

அதனால் சீட்டைச் சோதித்துப் பயனில்லை, நடக்கிறவனைக் கட்ட வேண்டும். ‘இந்த அறையில் தொடங்கு. சீட்டு எதைச் சொன்னாலும், எந்தக் கைகாட்டி எங்கே காட்டினாலும் வாசற்படியைத் தாண்டாதே. தாண்ட வேண்டி வந்தால் வெறுங்கையோடு திரும்பி வா.’ கணினியின் இயங்குதளமே இந்த வசதியைத் தருகிறது. கோப்பைத் திறக்கச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். நான் எழுதியது ஒரே ஒரு வரி. அந்தப் பெரிய வாடிக்கையாளரின் அறை முழுக்க, வெளியே காட்டும் கைகாட்டிகள். அவர்களுக்கு வேலை நின்றது. பஞ்சுவுக்கு வியர்த்தது. என் வரி போயிற்று, பிறகு நானும் போனேன்.

உன் தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதம், கடையில் வேலை.

நீ எழுதியது நன்றாகப் புரிந்தது. அத்தானுக்கும் விளக்கினேன். “அப்ப அந்தப் பணியாள் மேல தப்பே இல்லைங்கறியா?” என்று கேட்டார். “அவனுக்கு அறிவே இல்லை, தப்பு எப்படி இருக்கும்” என்றேன். “உன் தம்பியைத்தான் கேட்டேன்” என்றார். எடுக்கச் சொன்னவன் பஞ்சு, எடுத்த கை உன்னுடையது என்று அவர் கணக்கு. கோபித்துக்கொள்ளாதே, உன்மேல் பாசம் இருப்பதால் சொல்கிறார்.

எனக்கு அந்த ஓட்டுநர்தான் மனதில் நிற்கிறார். தன் உடம்பில் இருப்பதை அவரே இன்னும் சரியாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார். அதற்குள் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. யார் யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு வரிசை போட்டு வைத்திருப்பார் இல்லையா?

வேறு வேலை தேடு.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்கள் நலமா என்ற சடங்கெல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொள். இன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை தேடினேன். போன இடத்தில் எல்லாம் எனக்கு முன்னால் பஞ்சு போய் உட்கார்ந்திருக்கிறான். ஓர் இடத்தில் என்னிடமே சொன்னார்கள்: “உங்க மேலாளர் உங்களைப் பத்தி ரொம்ப அக்கறையா பேசினார். கொஞ்ச நாள் ஓய்வு தேவைன்னார்.” ஓய்வு! மெத்தையால் முகத்தை அமுக்கிக் கொல்வது என்பது இதுதான்.

இப்போது கேள். இந்த மாதம் மூன்றாவது வாரம் ஒரு பெரிய மருத்துவமனையின் இயக்குநர்கள் எங்கள் கம்பெனிக்கு வருகிறார்கள். பஞ்சு திரையில் மாதிரிக் கோப்புறையைத் திறந்து, மாதிரி அறிக்கை ஒன்றைக் காட்டுவான். அந்தக் கோப்புறை ஒரு பரிசோதனைக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை நான்தான் உண்டாக்கினேன். அதை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டிலிருந்தே திறக்கிறது! மாதிரி அறிக்கை இருக்கும் இடத்தில் ஒரு கைகாட்டி வைப்பேன். அது பஞ்சுவின் சொந்த அறிக்கைக்குக் காட்டும். போன ஆண்டு ஊழியர்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது, அவனுடையதும் உள்ளே கிடக்கிறது. இயக்குநர்கள் முன்னால், சுவர் அகலத்துக்கு, அவன் ரத்தமும் ஈரலும் திறக்கட்டும். அப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பசிக்கிறது.

முதலில் ஓர் ஒத்திகை பார்க்க வேண்டும். வேறொரு கூடத்தின் அறைக்குள் கைகாட்டி போகிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் ஊர்க் கூடம் இருக்கவே இருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 7

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கடையில் நின்றபடியே எழுதுகிறேன்.

வேண்டாம். பஞ்சு கெட்டவன்தான். அவனை வாயால் திட்டு, மேலிடத்துக்கு எழுது, எதிரே போய் நின்று கேள். ஆனால் அவன் ஈரல் அவனுடையது. அதைத் திரையில் போடுவது உன் வேலை இல்லை.

எங்கள் ஊர்க் கூடத்தில் ஒத்திகை எதுவும் வைக்காதே. தெரிந்தவர்கள் பலர் வந்து போகிற இடம். சொல்வதைக் கேள்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாகவே எப்படி இருக்கிறாய்? நன்றாகத் தூங்குகிறாயா? கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டுமா, முதலாளியிடம் ஒரு நாற்காலி கேட்கக் கூடாதா? எடை ஏதும் குறைந்திருக்கிறதா? உடம்பு விஷயத்தில் எதையும் தள்ளிப்போடாதே.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

பஞ்சு விஷயத்தை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். இயக்குநர்கள் வந்து போய்விட்டார்கள். மாதிரி அறிக்கை மாதிரியாகவே திறந்ததாம். எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

உனக்கு எதற்காவது துணை வேண்டுமென்றால் உடனே கிளம்பி வருகிறேன். வேலைதான் இல்லையே.

உன் தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம். எனக்கு ஒன்றுமில்லை.

இத்தனை வருஷமாக ‘சௌக்கியமா’ என்று ஒரே சொல்லில் கேட்டு, அதற்கு நான் எழுதும் பதிலைக்கூடப் படிக்காமல் தாண்டுகிறவன் நீ. திடீரென்று எடை, தூக்கம், நாற்காலி என்று விசாரிக்கிறாய். என்ன விஷயம்?

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

விஷயம் ஒன்றுமில்லை. ஒரு தம்பி கேட்கக் கூடாதா? வயது ஆக ஆக இப்படி ஆகிறேன் போலிருக்கிறது.

இங்கே ஒரு பெரிய மருத்துவர் இருக்கிறார், பெண்களுக்கான சிகிச்சையில் கெட்டிக்காரராம். தெரிந்தவர் ஒருவர் சொன்னார். முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவும்.

அத்தானுக்கும் தனியாக ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறேன், உன்னைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. வேறு எதுவும் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, பாசம் வந்தாலும் அப்படித்தான். பொறுத்துக்கொள்.

உன் தம்பி


மே 31

தம்பிக்கு,

இரண்டு மாதத்தில் நீ நான்கு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கடிதமும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், நிதானமாக.

உன் ஒரு வரி அத்தான் கைக்கு வந்த மதியம், அவர் அதைப் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். அப்போது ஒரு பெரியவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். “என்னடி ஆச்சு உனக்கு? உன் தம்பிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?” என்று வாசலிலிருந்தே கேட்டார். பெரியவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் சுவர் எழுத்தை மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தார். அத்தனையும் சரியாகப் படித்தார். என் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி என் கணவர் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

நான் அவரிடம் மறைக்கவில்லை. வரிசை போட்டு வைத்திருந்தேன். மருத்துவர் சிகிச்சை முழுவதையும் முடிவு செய்து, ‘இதுதான், இத்தனை மாதம், பிழைப்பீர்கள்’ என்று சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக இருந்தேன். அவர் பயப்படுகிறவர். கேள்வியையும் பதிலையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தாங்குவார். கேள்வியை மட்டும் அவர் கையில் கொடுத்தவன் நீ. அன்றிரவு முழுக்க அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குட்டி பரீட்சையை விட்டுவிட்டு என்னோடு மருத்துவமனைக்கு வந்தாள்.

அறுவை சிகிச்சை ஆயிற்று. அதற்கு மேல் உனக்குச் சொல்ல மாட்டேன்.

படுக்கையில் கிடந்தபோது யோசிக்க நேரம் கிடைத்தது. மருத்துவரையும் பரிசோதனைக்கூடத்தையும் தவிர இது யாருக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது? நீயே எனக்கு அழகாக விளக்கியிருந்தாய், கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வேறு யாருடைய அறிக்கையாவது கண்ணில் பட்டிருந்தால், ஒத்திகை வெற்றி என்று மூடியிருப்பாய். என் பெயரைப் பார்த்தாய். பார்த்த பிறகும் படித்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கூடத்துக்குப் போனேன். “என் அறிக்கையை என்னையும் மருத்துவரையும் தவிர யார் திறந்தாங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றேன். அங்கே இருந்த அம்மாள், “அப்படியெல்லாம் யாரும் பார்க்க முடியாதும்மா, நீங்க பயப்படாதீங்க” என்றார். “பயமா இருந்தா வீட்டில இருந்திருப்பேன். எழுதிக் கேளுங்க” என்றேன். நான்காவது தடவை போனபோது பதில் வந்திருந்தது. ஒரு பரிசோதனைக் கணக்கு, உன் ஊரில் ஒரு வீட்டு இணைப்பு. “யாருன்னு தெரியலை, கண்டுபிடிக்கிறது கஷ்டம்” என்றார்கள்.

“கஷ்டமே இல்லை. என் தம்பி” என்றேன். உன் முழுப்பெயரையும் முகவரியையும் சொன்னேன். அந்தக் கதவைத் திறந்து வைத்தது உன் மேலாளர், நீங்கள் பஞ்சு என்று கூப்பிடுகிறவன், என்றும் சொன்னேன். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாமல் விடவில்லை. இதோ சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வருகிறது. கேட்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாளே எனக்கு அழைப்பாணை வந்துவிட்டது. யார் புகார் கொடுத்தது என்று அதில் இல்லை. ஒரு நாள் முழுக்கப் பஞ்சுதான் மாட்டிவிட்டான் என்று நினைத்து, அவனை என்னென்ன செய்வது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் தபாலில் உன் கையெழுத்து.

பஞ்சுவை நீக்கிவிட்டார்கள். கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னது, கணக்கை மூடாதது, என்மேல் பழி போட்டது எல்லாம் விசாரணையில் வெளியே வந்ததாம். பழைய நண்பன் ஒருவன் சொன்னான்: “உன் வரியை அப்படியே திரும்பப் போட்டுட்டோம்டா. பெரிய வாடிக்கையாளர் ரெண்டு நாள் கத்தினாங்க, அப்புறம் அவங்க கைகாட்டியை எல்லாம் அவங்களே பிடுங்கிட்டாங்க. நீ ஜெயிச்சுட்ட.” பஞ்சு சாமான்களை அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். ஐந்து மாதமாக நான் மனதில் போட்டுப் பார்த்த படம் இதுதான். நண்பன் ரசித்துச் சொன்னான். எனக்கு ஒன்றும் வரவில்லை.

வழக்கு ஜூலை மூன்றாம் தேதி. வக்கீல் சொல்கிறார்: “பாதிக்கப்பட்டவங்க உங்க அக்காதானே? அவங்க ஒரு வார்த்தை சொன்னா லேசா முடிஞ்சுடும். பேசிப் பாருங்க.”

பேசிப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

ஆமாம், படித்தேன். உன் பெயரைப் பார்த்த பிறகும் கடைசி வரிவரை படித்தேன்.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

வக்கீல் சொன்ன ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன்.

அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. “போதும்டி. அவன் பாசத்திலதானே செஞ்சான்” என்றார். “கோபத்தில உள்ளே போனான், பாசத்தில வெளியே சொன்னான். ரெண்டு தடவையும் என்னைக் கேட்கலை” என்றேன். “அப்ப அவனை மன்னிக்கலையா?” என்றார். “இல்லை.” “பின்னே ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதறே?” “தம்பிக்கு எழுதறேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போய், எனக்கு மாத்திரை எடுத்து வந்தார். இப்போதெல்லாம் கரப்பான்பூச்சியையும் அவரே அடிக்கிறார்.

அந்த ஓட்டுநரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவரும் வழக்கில் சேர்ந்துகொள்கிறார். பஞ்சுமேல் அவருக்குத் தீராத ஆத்திரம். “உங்க தம்பியைப் பத்தி நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டார். “உள்ளதைச் சொல்லுங்க” என்றேன். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் வரை நான் விடப்போவதில்லை. என் ஆத்திரத்துக்கும் ஒரு வேலை வேண்டுமே.

மூன்றாம் தேதி நானும் வருகிறேன். குட்டி துணைக்கு வருகிறாள். எதிர்ப்பக்கத்து பெஞ்சில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருவேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

மதியம் இடைவேளை விடுவார்களாம். நீதிமன்ற உணவகத்தில் எதையும் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன்.

அக்கா